மைசூர் டூருக்கு 2,800 ரூபாய், பாப்பாவை அனுப்பலாமா?

காரிமங்கலம் அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெண் பக்கத்து ஊர் மெட்ரிக் பள்ளிக்கூடத்தில் ஏழாவது படிக்கிறாள். போன வாரம் ஒரு சீட்டு கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு நாள் கல்விச் சுற்றுலா. மைசூர் அரண்மனை, மிருகக்காட்சி சாலை, கே.ஆர்.எஸ். அணை, பிருந்தாவன் கார்டன், திரும்பி வரும்போது பெங்களூரில் ஒரு தீம் பார்க். 2,800 ரூபாய், கைச்செலவு தனி. 20ஆம் தேதிக்குள் பணம் கட்டி, கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டுமாம்.

வீட்டுக்காரர் தக்காளி லோடு ஓட்டுகிறார். பாலக்கோடு மார்க்கெட்டில் விலை விழுந்து கிடக்கும் நாளில் வாடகைப் பணமே இழுத்து இழுத்துத்தான் வரும், இப்போது அப்படி ஒரு சமயம். "அரண்மனையைத்தான் யூடியூப்பில் மூலை முடுக்கு விடாமல் காட்டுகிறானே, அதுக்கு எதுக்கு 2,800" என்கிறார். மாமியாருக்கு வேறு கவலை, வயசுக்கு வரப்போகிற பிள்ளையை ராத்திரி வெளியூரில் தங்க விடுவதா என்று.

எனக்கே தெளிவாக இல்லை. மூன்றாவது படிக்கும்போது ஒகேனக்கல் கூட்டிப் போனார்கள். வந்ததும் என்னடி பார்த்தே என்று கேட்டால் மீன் வறுவல், பரிசலில் பக்கத்துப் பையன் அழுதது, குரங்கு பிஸ்கட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது, அவ்வளவுதான். அருவியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இதற்கா காசு கட்டி அனுப்பினோம் என்று அன்றைக்கே தோன்றியது. நான் படிக்கிற காலத்தில் எந்த டூருக்கும் போனதில்லை, அதனால் போனவர்களுக்கு உள்ளே என்ன தங்குகிறது என்றும் எனக்குத் தெரியாது.

பாப்பா ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். அவள் அப்பா முகத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் வாயே திறக்கவில்லை. அடம் பிடித்திருந்தால்கூட ஒரு அதட்டல் போட்டு முடித்திருப்பேன், இப்படிச் சும்மா இருப்பதுதான் என்னமோ செய்கிறது. பிள்ளைகளை அனுப்பியவர்கள், வாத்தியார்கள் யாராவது இருந்தால் உண்மையைச் சொல்லுங்கள், இதில் படிப்பு என்று ஏதாவது இருக்கிறதா, இல்லை சும்மா ஜாலிதானா?


ஓசூர் ஷிஃப்ட்:

உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்டதால் சொல்கிறேன், பாதிக்கு மேல் ஜாலிதான்.

என் பையனைப் போன வருஷம் பெங்களூருக்குக் கூட்டிப் போனார்கள். சீட்டில் முதல் வரியே கஸ்தூர்பா ரோட்டில் இருக்கும் விஸ்வேஸ்வரையா தொழில்நுட்ப அருங்காட்சியகம். அந்த இடத்துக்கு நான் இரண்டு முறை போயிருக்கிறேன், பட்டனை அழுத்தினால் ஓடுகிற இயந்திரம், கையால் சுற்றிப் பார்க்கிற மாடல் என்று ஒவ்வொன்றின் முன்னாலும் பிள்ளைகள் நின்றுவிடுவார்கள், ஒரு நாள் முழுக்கப் போதாது. இவர்கள் உள்ளே இருந்தது 40 நிமிஷம். வரிசையாக முன் பிள்ளையின் தோளில் கையைப் போட்டு நடக்க வைத்து, எதையும் தொடாதே, பின்னால் வா, சீக்கிரம் வா. அங்கே தொடுவதற்குத்தான் எல்லாமே வைத்திருக்கிறான்! அதற்கப்புறம் தீம் பார்க்கில் ஆறு மணி நேரம். பையன் வீட்டுக்குக் கொண்டு வந்தது ஒரு தொப்பி, நனைந்த துணி மூட்டை, இரண்டு நாள் சளி.

அதனால் அந்தச் சீட்டில் இருக்கிற இடங்களின் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். எந்த இடத்தில் எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள், சொல்லத் தடுமாறினால் உங்களுக்கே புரிந்துவிடும். என்னைக் கேட்டால் நீங்களே ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போகலாம். சேலம் பெங்களூர் ரயில் பாதை தர்மபுரி, பாலக்கோடு, ராயக்கோட்டை, ஓசூர் வழியாகத்தான் போகிறது, மூன்று பேர் போய் வந்தாலும் 2,800 ஆகாது. அண்ணன் யூடியூப் என்று சொல்வதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், அது வேறு, இது வேறு.


வேடியப்பன் வாத்தியார்:

நான் பென்னாகரம் பக்கம் ஒரு அரசு நடுநிலைப் பள்ளியில் இருக்கிறேன். எங்கள் பிள்ளைகளிடம் 2,800 கேட்கவே முடியாது, 100 ரூபாய் கேட்பதற்கே யோசிப்போம். அதனால் இரண்டு வருஷத்துக்கு முன்னால் 31 பிள்ளைகளை டவுன் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு தர்மபுரிக்கே போனோம், தூரமாக எங்கேயும் இல்லை. காலையில் பட்டுக்கூடு ஏல அங்காடி, சாப்பாட்டுக்கு அப்புறம் அருங்காட்சியகம்.

அங்காடியில் என்ன நடந்தது என்றால், வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன், வாசிப்பும் சுமார்தான், அவன்தான் அன்றைக்கு எங்கள் எல்லோருக்கும் வாத்தியார். அவன் வீட்டில் மல்பெரி போட்டுப் புழு வளர்க்கிறார்கள். புழு நாலு தடவை தோல் உரிக்கும், அந்தச் சமயத்தில் இலை தின்னாமல் தலையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் கிடக்கும், அப்போது இலை போடக் கூடாது, அப்புறம் பழுத்து மினுமினு என்று ஆனதும் கூடு கட்டுவதற்கான சந்திரிகைத் தட்டில் எடுத்து விட வேண்டும், இதெல்லாம் மூச்சு விடாமல் சொல்கிறான். கூட்டை விரலால் அழுத்திப் பார்த்து இது நல்ல கூடு, இது ஒன்றுக்கும் ஆகாது என்று பிரித்துக் காட்டுகிறான். ஏலம் எடுக்க வந்த ஆள் ஒருத்தர் நின்று கேட்டுவிட்டு, யாருப்பா இது என்று கேட்டார். ஒரு கூட்டில் இருப்பது ஒரே இழை, ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் வரும் என்று நான் சொன்னபோது அவனுக்கே ஆச்சரியம், அது மட்டும் அவனுக்குத் தெரியாமல் இருந்தது. எனக்குத் தெரிந்ததும் அது ஒன்றுதான், அதுவும் முந்தின நாள் ராத்திரி படித்தது.

அருங்காட்சியகத்தில் நடுகற்கள் வைத்திருக்கிறார்கள். கையில் வில்லோ வாளோ பிடித்த ஆள், மேலே வட்டெழுத்து. மாட்டு மந்தையைக் கவர வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தவனுக்கு ஊர்க்காரர்கள் நட்ட கல், அந்த மந்தைக்குத் தொறு என்று கல்வெட்டில் பெயர், இப்படி நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே ஒரு பொண்ணு, "சார், இது எங்க காட்டுல இருக்கிற வேடியப்பன் சாமி சார், நாங்க பொங்கல் வைக்கிறோம்" என்கிறாள். நம் பக்கத்தில் பாதி ஊரில் வேடியப்பன் என்று கும்பிடுவது இப்படிப்பட்ட நடுகல்லைத்தான், அது அவளுக்கு யாரும் சொல்லாமல் கண்ணில் பட்டது. அடுத்த திங்கட்கிழமை மூன்று பேர் வந்து எங்கள் ஏரிக்கரையில் ஒன்று சாய்ந்து கிடக்கிறது சார் என்றார்கள். போய்ப் பார்த்தோம், இருந்தது. பத்து வருஷமாக அந்த வழியாகத்தான் பைக்கில் போகிறேன், என் கண்ணில் பட்டதே இல்லை.

போவதற்கு முன்னால் ஒவ்வொருத்தருக்கும் ஒரு கேள்வி எழுதிக் கொடுத்திருந்தேன், வந்ததும் பதில் சொல்ல வேண்டும், அது உதவியது. ஆனால் பெரிதாகப் பீற்றிக்கொள்ள மாட்டேன், எட்டுப் பேர் பேருந்து நிலையத்தில் சாப்பிட்ட பரோட்டாவைப் பற்றி மட்டும்தான் எழுதியிருந்தார்கள்.

மேடம், உங்கள் பாப்பா மீன் வறுவலை ஞாபகம் வைத்திருப்பதில் தப்பே இல்லை, மூன்றாம் வகுப்புக் குழந்தைக்கு அருவியைவிட அழுகிற பையன்தான் பெரிய விஷயம். அங்கே கூட்டிப் போனவர்கள் ஒன்றை மட்டும் சொல்லியிருக்கலாம். உங்கள் தெருக் குழாயில் வருவது ஒகேனக்கல் கூட்டுக் குடிநீராகத்தான் இருக்கும். தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று நம் இரண்டு மாவட்டத்திலும் போர்வெல் தண்ணீரில் ஃப்ளோரைடு, அதனால்தான் நம் தலைமுறையில் இத்தனை பேருக்குப் பல்லில் மஞ்சள் கறை, வயசானவர்களுக்கு முட்டி மடங்காத வேதனை. அதற்காகத்தான் ஜப்பான் கடன் உதவியோடு அந்தத் திட்டம் வந்தது, 2013இல் தண்ணீர் விட ஆரம்பித்தார்கள்.

இப்போது மைசூர் போகிறாள் என்றால் கே.ஆர்.எஸ். அணையை அவள் கையில் கொடுத்து அனுப்புங்கள். காவிரிக்குக் குறுக்கே 1911இல் வேலை ஆரம்பித்து இருபது வருஷம் கட்டிய அணை. செய்தியில் 124.80 அடி என்று சொல்வார்களே, அது அங்கே முழுக் கொள்ளளவு. அங்கே திறக்கிற தண்ணீர் சிவனசமுத்திரம், மேகதாது தாண்டித் தமிழ்நாட்டு எல்லையில் இருக்கும் பிலிகுண்டுலுவுக்கு வருகிறது. அங்கே மத்திய நீர்வள ஆணையம் அளக்கிறது, கர்நாடகா வருஷத்துக்கு நமக்கு விட வேண்டும் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்ன 177.25 டி.எம்.சி. கணக்கு அந்த இடத்தில் பார்ப்பதுதான். அதற்கு அடுத்தது ஒகேனக்கல். வழியில் கபினி மாதிரி ஆறுகளும் சேருகின்றன, அதனால் எல்லாமே கே.ஆர்.எஸ். தண்ணீர் என்று சொல்லிவிடக் கூடாது. ஆனால் இதைத் தெரிந்துகொண்டு அந்த அணைமுன் நிற்கிற பிள்ளைக்கும், தெரியாமல் பிருந்தாவன் கலர் லைட்டுக்காக மட்டும் போகிற பிள்ளைக்கும் பார்வை ஒன்றாக இருக்காது. கலர் லைட்டும் பார்க்கட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஓசூர் நண்பரே, 40 நிமிஷம் என்று நீங்கள் சொன்னது சரி, நானும் அப்படி ஓட்டியிருக்கிறேன். 120 பிள்ளைக்கு ஐந்து ஆசிரியர் என்றால் தொடாதே என்றுதான் வாயில் வரும், தலையை எண்ணுவதிலேயே நாள் போய்விடும்.


ஊத்தங்கரை பொண்ணு:

நான் டூருக்குப் போகாத கட்சி. அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன் அக்கா.

எட்டாவது படிக்கும்போது எங்கள் பள்ளிக்கூடத்தில் ஊட்டி கூட்டிப் போனார்கள். அப்பா மாங்கூழ் ஃபேக்டரியில் சீசன் வேலை, மே முதல் ஜூலை வரைதான் கையில் காசு ஓடும். டூர் ஜனவரியில். நாங்கள் நாலு பேர் போகவில்லை. பள்ளிக்கூடத்துக்கு வரச்சொல்லி ஏழாம் வகுப்போடு உட்கார வைத்தார்கள், அந்த இரண்டு நாளும் ஏழாவது பிள்ளைகள் எங்களையே திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அதுகூடப் பரவாயில்லை. அடுத்த பரீட்சையில் கட்டுரை என்ன தெரியுமா, "நான் சென்று வந்த சுற்றுலா". எனக்குத் தெரிந்ததெல்லாம் கே.ஆர்.பி. டேம்தான், பெரியம்மா ஊர் அந்தப் பக்கம். கிருஷ்ணகிரி அணையில் மீன் வாங்கியது, மதகு பக்கத்தில் தென்பெண்ணைச் சத்தம், பார்க்கில் பெரியப்பா தூங்கியது என்று எழுதினேன். பத்துக்கு ஒன்பது போட்டார்கள், அந்த மேடம் வகுப்பில் வாசித்தும் காட்டினார்கள். நல்ல எண்ணத்தில்தான். எல்லோரும் ஊட்டியை எழுதியிருக்க நான் மட்டும் டேமை எழுதியிருக்கிறேன் என்று எல்லோருக்கும் தெரிந்துபோனது, எனக்கு மேஜைக்கு அடியில் போய்விடலாம் போல இருந்தது.

வாத்தியார் சார் சொல்வதெல்லாம் சரி. ஆனால் அணை, அருங்காட்சியகம் எல்லாம் பின்னால்கூடப் பார்த்துக்கொள்ளலாம், நான் இப்போது பெங்களூரில்தான் வேலை, மைசூர் நாலு தடவை போய்விட்டேன். பன்னிரண்டு வயசில் பதினைந்து பொண்ணுங்க ஒரே ஹாலில் பாய் விரித்துப் படுத்து, மிஸ் லைட்டை அணைத்த பிறகும் தூங்காமல் சிரித்துக்கொண்டிருப்பது இருக்கிறதே, அதை எந்தச் சம்பளத்திலும் வாங்க முடியவில்லை. அவளே தலை பின்னிக்கொள்வாள், அவளே காசை எண்ணி வைத்துக்கொள்வாள், அம்மா இல்லாமல் ஒரு ராத்திரி இருந்து பார்ப்பாள். முடிந்தால் அனுப்புங்கள். பாட்டியின் பயத்துக்கு, கூட எத்தனை டீச்சர் வருகிறார்கள், பெண்கள் தங்கும் இடம் தனியா, வெளியே யார் படுக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள், அதைக் கேட்பது உங்கள் உரிமை.

முடியவில்லை என்றாலும் ஒன்று செய்யுங்கள். அந்த இரண்டு நாளும் அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாதீர்கள்.


டூர் வண்டி:

நான் டிரைவர், கிருஷ்ணகிரியிலிருந்து மைசூர், ஊட்டி ஸ்கூல் வண்டி 11 வருஷமாக ஓட்டுகிறேன். படிப்பு இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாது, நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

எத்தனை வண்டி, ஒரு வண்டிக்கு எத்தனை பிள்ளை என்று கேளுங்கள். இரண்டு பேர் சீட்டில் மூன்று பேரைப் போட்டால் மைசூர் தூரம் தாங்காது. இரண்டாவது டிரைவர் இருக்கிறாரா என்று கட்டாயம் கேளுங்கள், இதை யாருமே கேட்பதில்லை. விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பி, பகல் பூரா ஓட்டி, பிருந்தாவனில் ராத்திரி லைட் போட்டு முடிந்து வண்டி எடுக்கும்போது ஒன்பது பத்து ஆகிவிடும், ஒரே ஆள் என்றால் கண் சொருகும். கர்நாடகாவுக்கு பெர்மிட் எடுத்த வண்டியா என்றும் பாருங்கள், இல்லையென்றால் எல்லையில் இருக்கும் அத்திபள்ளியில் பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்திருக்க வண்டி ஓரம் கட்டி நிற்கும்.

என்ன கிழமை என்று சீட்டில் போட்டிருக்கிறதா? மைசூர் ஜூவுக்கு வழக்கமாகச் செவ்வாய்க்கிழமை லீவு, அது தெரியாமல் கூட்டி வந்து கேட்டுக்கு வெளியே நின்ற பள்ளிக்கூடம் எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மைசூரில் ராத்திரி இருந்தால் அரண்மனைக்கு லைட் போடுவார்கள், ஏறக்குறைய ஒரு லட்சம் பல்பு, ஒரே சொடுக்கில் எரியும். அந்த நேரத்தில் பிள்ளைகள் போடுகிற கூச்சல் இருக்கே, நூறு தடவை பார்த்த எனக்கே சிலிர்க்கும். அந்தக் காலத்து மர அரண்மனை 1897இல் தீப்பிடித்து எரிந்துபோய், இப்போது இருப்பதை 1912இல் கட்டி முடித்தார்களாம், கைடு சொல்லிச் சொல்லி எனக்கும் மனப்பாடம்.

பஸ்ஸில் பாட்டுச் சத்தம் அதிகமாக இருக்கும், அதற்கு நான் பொறுப்பில்லை.


காரிமங்கலம் அம்மா:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக எழுத முடியவில்லை, பள்ளிக்கூடத்துக்கே போய்ப் பேசிவிட்டு வந்தேன்.

டூர் சனி, ஞாயிறு. இரண்டு வண்டி, இரண்டிலும் இரண்டு டிரைவர், பெண்களுக்கு தனி மண்டபம், கூட ஆறு டீச்சர். இதெல்லாம் டக் டக் என்று சொன்னார்கள். எந்த இடத்தில் எத்தனை மணி நேரம் என்று கேட்டதற்குத்தான் ஓசூர் அண்ணன் சொன்ன மாதிரி தடுமாறினார்கள். தீம் பார்க்கை எடுத்துவிட்டால் பாதிப் பிள்ளைகள் வரமாட்டேன் என்பார்கள் என்று சிரிக்கிறார்கள், அதுவும் நியாயமாகத்தான் இருக்கிறது. சனிக்கிழமை ராத்திரிதான் மைசூரில் தங்குகிறார்கள், அதனால் அந்த ஒரு லட்சம் பல்பு கிடையாது. பணத்தை இரண்டு தவணையாகக் கட்டலாம் என்று ஒத்துக்கொண்டார்கள். அவள் வகுப்பில் ஏழு பேர் பெயர் கொடுக்கவில்லையாம். ஊத்தங்கரை தங்கச்சி எழுதியதைப் படித்ததால் அவர்களுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன், லீவு நாள்தானே அம்மா என்றார்கள். அதற்கு மேல் எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

ராத்திரி வாத்தியார் சார் எழுதியதைப் பாப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "அப்போ நம்ம குழாய்த் தண்ணி அங்கேர்ந்து வர எத்தனை நாளாகும்?" என்று கேட்டாள். எனக்கு எங்கே தெரியும். அவள் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் அங்கே திறந்தால் பிலிகுண்டுலு வர மூணு நாலு நாள் ஆகும் என்று செய்தியில் சொல்வார்கள் என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, மைசூர் மார்க்கெட்டுக்கு எத்தனையோ லோடு அடித்திருக்கிறேன், அரண்மனை மதிலை ஒட்டித்தான் போவேன், வண்டியை எங்கே நிறுத்துவது என்று ஒரு நாளும் உள்ளே போனதில்லை என்றார். அவ்வளவுதான் பேசினார். காலையில் சீட்டில் கையெழுத்துப் போட்டு டேபிள் மேல் வைத்துவிட்டு லோடுக்குப் போய்விட்டார்.

டிரைவர் அண்ணா, கடைசியாக ஒன்று. இவளுக்கு பஸ்ஸில் வாந்தி வரும், ஒகேனக்கல் போன அன்றைக்கே இறக்கத்தில் இரண்டு தடவை எடுத்தாளாம். என்ன செய்வது?


டூர் வண்டி:

முன்பக்கம் ஜன்னலோர சீட் கேட்டு வாங்கச் சொல்லுங்கம்மா, பின் சக்கரத்துக்கு மேலே மட்டும் வேண்டாம். விடிகாலையில் பூரியோ புளிசாதமோ கட்டிக் கொடுக்காதீர்கள், இரண்டு இட்லி போதும், வெறும் வயிறும் ஆகாது. கையில் எலுமிச்சம்பழம், மடியில் நாலு கவர். போனைப் பார்த்துக்கொண்டே வந்தால் கட்டாயம் வரும். மைசூர் ரோடு நேர் ரோடுதான், ஒகேனக்கல் மாதிரி வளைவு கிடையாது, பயப்படாதீர்கள்.